பேயே இல்லாத பேய்ப்படம்: 40,000 ரூபாய்க்குள்ள கிருஷ்ணகிரி பக்கம் எடுத்த அனுபவம்

எனக்கு பொழப்பு கல்யாண வீடியோ தாங்க, காவேரிப்பட்டணம் பக்கம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, புதுவீடு பால் காய்ச்சறதுன்னு வருஷம் ஓடிடும், ஆடியும் மார்கழியும் மட்டும் கேமரா பைக்குள்ள சும்மா கெடக்கும். அந்த ரெண்டு மாசத்துல தான் நாங்க கொஞ்ச பேர் சேந்து ஒரு கருப்பு வெள்ளை படம் எடுத்தோம், முக்கா மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி, கதை நடக்கறது 1962ல. பேய்ப்படம்னு சொல்லலாம், மர்மப்படம்னும் சொல்லலாம், தாத்தன் செஞ்ச பாவம் பேரன் தலையில எப்படி எறங்குதுங்கறது தான் விஷயம். எப்படி எடுத்தீங்க என்ன செலவாச்சுன்னு நெறய பசங்க கேக்கறதால எழுதறேன், செலவு மொத்தம் 40,000 ரூபாய்க்குள்ள, அதுல பாதி சோறு.

கதைய சொன்னா தான் மத்தது புரியும். நம்ம பக்கத்துல முன்ன எல்லாம் கேழ்வரக மண்ணுக்குள்ள குழி வெட்டி கொட்டி மூடி வெப்பாங்க, வாய் சின்னதா இருக்கும், உள்ள பானை கணக்கா அகலமா போகும், வருஷக்கணக்குல கெடாது. ஆனா தானியமும் மூச்சு விடும், உள்ள இருக்கற ஆக்சிஜன தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடு விடும், அது காத்த விட கனம், அப்படியே அடியில தேங்கி நிக்கும், வாசனையும் இருக்காது. அதனால குழிய தொறந்த ஒடனே யாரும் எறங்க மாட்டாங்க, ஆற விட்டு, கயித்துல ஒரு வெளக்கு கட்டி உள்ள விட்டு பாப்பாங்க, அணைஞ்சா விஷக்காத்து இருக்குதுன்னு அர்த்தம். எங்க ஆயா இத சொல்லும்போது நான் சின்னப்பையன், அந்த வெளக்கு அணையற எடம் மட்டும் மண்டைல ஒக்காந்துருச்சு.

படத்துல பேரன் சேலத்துல படிக்கறவன், தாத்தா செத்த காரியத்துக்கு ஊருக்கு வர்றான். வீட்டு வாசல்ல ஒரு எடத்துல மட்டும் யாரும் கட்டில் போட மாட்டாங்க, வருஷத்துக்கு ஒருக்கா அங்க ஒரு பாவாடையும் வளையலும் வெச்சு கும்பிடுவாங்க, யாருக்குன்னு கேட்டா வீட்டுச்சாமின்னு சொல்லிட்டு பேச்ச மாத்திடுவாங்க. அவன் பொட்டிய கொடையும்போது 1923 தேதி போட்ட ஒரு பத்திரம் கெடைக்குது, அதுல ஒரு கூலிக்காரரோட கடன் பூரா தீந்துச்சுன்னு எழுதியிருக்கு, ஆனா காசு வாங்கினதா ஒரு வரி இல்ல. காசு வாங்காம கடன ரத்து பண்ற பண்ணைக்காரர் எந்த ஊர்ல இருக்காரு? அங்க தான் அவனுக்கு சந்தேகம். கடைசில தெரியறது என்னன்னா கடனுக்கு வேலைக்கு நின்ன ஒரு சின்னப்புள்ளய வெளக்கு கூட விட்டு பாக்காம குழிக்குள்ள எறக்கினாங்க, அவ ஏறி வரல, குழிய அப்படியே மூடிட்டு ஓடிப்போயிட்டான்னு ஊர்ல சொல்லிட்டாங்க, அப்பனுக்கு குடுத்த வெல தான் அந்த பத்திரம். அவ்ளோதான், பேய் எங்கயும் வராது.

பேய் வராதுன்னு சொன்னதுக்கு எங்க குரூப்ல பெரிய சண்டையே நடந்துச்சு. எடிட்டிங் பண்ற தம்பிக்கு வெள்ள சேலை, விரிச்ச தல, திடீர்னு தூக்கிவாரிப்போடற ஒரு ஜம்ப் ஸ்கேர் கட்டாயம் வேணும். நான் அவனுக்கு 1942ல வந்த கேட் பீப்பிள்ங்கற ஹாலிவுட் படத்த போட்டு காட்டினேன், தான் சிறுத்தையா மாறிடுவோம்னு பயப்படற ஒரு பொண்ணோட கதை. அந்த தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு ஆர்கேஓ கம்பெனி போட்ட கண்டிஷன் என்னன்னா 1,50,000 டாலருக்குள்ள முடிக்கணும், 75 நிமிஷத்துக்குள்ள இருக்கணும், தலைப்ப நாங்க தான் குடுப்போம். மாடிப்படி செட்டு கூட ஆர்சன் வெல்ஸ் படத்துக்கு போட்டது மிச்சம் கெடந்தத எடுத்துக்கிட்டாங்க. மிருகத்த பெரும்பாலும் காட்டாம நெழலையும் சத்தத்தையும் வெச்சே ஓட்டினாங்க, இன்னொரு பொண்ணு ராத்திரில தனியா நடந்து போவா, பின்னால செருப்பு சத்தம் கேட்டுட்டே வந்து திடீர்னு நிக்கும், அப்பறம் புஸ்ஸுன்னு ஒரு சத்தம், பாத்தா பஸ் பிரேக். தம்பி தூக்கிப்போட்டு எந்திரிச்சான். அந்த கதையும் பரம்பரை விஷயம் தான், தன்னோட சொந்த ஊர் முன்னோர்கிட்ட இருந்த சாபம் தன் ரத்தத்துலயும் இருக்குதுன்னு அந்த சிறுத்தை பொண்ணு நம்பறா. பயமே அந்த நம்பிக்கை தான்.

நம்ம ஊர்லயே ஸ்ரீதரோட நெஞ்சம் மறப்பதில்லை இருக்கு, 1963. அதுல பாவம் பண்ண ஜமீன்தார், நம்பியார், தொண்டு கிழவனா அடுத்த ஜென்மத்துக்கும் உயிரோட காத்துட்டு இருப்பாரு, எதிரி கண்ணு முன்னால நிக்கறான். எங்க கதைல அந்த வசதி இல்ல, செஞ்சவர் போய் சேந்துட்டாரு, மிச்சம் இருக்கறது அவர் நெலமும் அந்த பாவாடையும் தான். யார் மேல கோவப்படறதுன்னே பேரனுக்கு தெரியக்கூடாது. நான் முதல்ல சொல்ற பாடம் இது தான், இந்த மாதிரி கதை எடுக்கறவங்க பேய்க்கு மேக்கப் போட யோசிக்கறதுக்கு முன்ன, வீட்ல எல்லாரும் ஏன்னு கேக்காம செய்யற ஒரு காரியம் என்னன்னு எழுதி வெச்சுக்கங்க. அத மூணு தடவ காட்டணும். முதல் தடவ சாதாரணமா இருக்கும், ரெண்டாவது உறுத்தும், மூணாவது தடவ காரணம் தெரிஞ்சப்பறம் பாக்கும்போது பாக்கறவங்களே தல குனிவாங்க.

அடுத்தது ஊர் விஷயம். இப்படி ஒரு கதைன்னு வெளிய தெரிஞ்ச ஒடனே டீக்கடைல முதல் கேள்வியே, இது யார் வீட்டு கதைடா? அதனால எழுதும்போதே எந்த ஒரு வீட்டுக்கும் பொருந்தாத மாதிரி நாலு ஊர்ல கேட்டத கலந்துட்டோம், குலசாமி பேரு, பங்காளி பேரு, ஊர் பேரு எதுவும் படத்துல வராது. வீடு குடுத்தவர்கிட்ட கதைய முழுசா சொல்லி எழுதி கையெழுத்து வாங்கினோம், ஊர் பெரியவங்க நாலு பேர்கிட்டயும், பஞ்சாயத்து தலைவர்கிட்டயும் சொல்லிட்டு, ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் குடுத்து வெச்சோம், ராத்திரி லைட்டு போட்டா திருடன்னு யாராச்சும் போன் பண்ணுவாங்க இல்ல. ஒரு சீனுக்கு நடுகல் வேணும். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நடுகல்லுக்கு பஞ்சமே இல்ல, தர்மபுரி மியூசியத்துல போய் பாத்தாலே தெரியும், ஆனா ஊர்ல நிக்கற கல்லெல்லாம் வேடியப்பன்னு பூஜ நடக்கற கல்லு, அதுமேல மஞ்ச பூசி ரத்தம் தெளிச்சு ஷூட்டிங் பண்றது நல்லதில்ல. தெர்மாகோல் மேல சிமெண்ட் பால் பூசி நாங்களே ஒன்னு செஞ்சோம், கருப்பு வெள்ளைல யாருக்கும் வித்தியாசம் தெரியல. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் காட்டுல ராத்திரி எடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அதெல்லாம் காவிரி வடக்கு சரணாலயம் பக்கத்து எடம், மழைக்காலம் முடியற நேரத்துல யானை கூட்டமா வரும், வனத்துறை அனுமதி இல்லாம அந்த பக்கமே போகாதீங்க. மாந்தோப்புலயே காடு மாதிரி எடுக்க முடியும்.

பழைய காலம்னு எடுக்கறவங்க துணி, வெளக்கு, கட்டில் வரைக்கும் யோசிப்பாங்க, மாட்டிக்கறது எல்லாம் சின்ன எழுத்துல தான். 1962ல தர்மபுரி மாவட்டமே கெடையாது, 1965 அக்டோபர் 2ல தான் சேலத்துல இருந்து பிரிச்சாங்க, கிருஷ்ணகிரி தனியா போனது 2004ல. அதனால எங்க பத்திரத்துலயும் சரி, 1962 தபால் மேலயும் சரி, சேலம் ஜில்லா கிருஷ்ணகிரி தாலூக்கா. தமிழ்நாடுன்னு பேரு வந்தது 1969, 1962ல மெட்ராஸ் ஸ்டேட். காசு பேசற எடத்துல 1923 பத்திரத்துல ரூபாய் அணா பைன்னு தான் வரணும், 1957 ஏப்ரல்ல தான் நயா பைசா வந்துச்சு, 1962ல பேரன் நயா பைசாங்கறான் கெழவி இன்னும் அணாங்கறா, அந்த ஒரு வசனத்துலயே ரெண்டு தலமுறை தெரிஞ்சுடும், செட்டு செலவு மிச்சம். இன்னொன்னு எழுத்து. லை, னை, ணை எல்லாம் முன்ன தும்பிக்கை வளைச்சு எழுதுவாங்க, 1978ல தான் அரசு எழுத்து சீர்திருத்தம் கொண்டுவந்துச்சு. கம்ப்யூட்டர் ஃபாண்ட்ல அடிச்சா புது எழுத்து தான் வரும். பத்திரம் எழுதி ரிட்டையர் ஆன ஒரு தாத்தா டீத்தண்ணில ஊறவெச்சு காயப்போட்ட தாள்ல தொட்டெழுதற பேனா வெச்சு எழுதி குடுத்தாரு, காசு வேண்டாம்னுட்டாரு, ஆனா பக்கத்துக்கு பக்கம் வாசகத்த திருத்தினாரு. நாங்க ஏதோ சினிமா தமிழ்ல எழுதிட்டு போனோம், அவர் படிச்சுட்டு, ஏம்பா இந்த பத்திரம் செல்லாதுப்பான்னு சொல்லிட்டு, இடது கை பெருவிரல் ரேகை, சாட்சிகள், நாலு பக்கம் எல்லைன்னு எல்லாம் அவரே போட்டாரு. அந்த எல்லை வாசகத்துல தான் எங்களுக்கு இன்னொரு க்ளூ கெடச்சுது, கெழக்கே மூடின குழின்னு ஒரு எல்லைய சேத்தோம். பேரன் அத வாசிக்கற எடம் படத்துலயே நல்ல எடம்.

செடியும் கவனிக்கணும், சிரிக்காதீங்க. பார்த்தீனியம் நம்ம நாட்டுல 1950கள்ல புனே பக்கம் தான் முதல்ல கண்ணுல பட்டுச்சு, 1962ல கிருஷ்ணகிரி மாந்தோப்பு பூரா அது மொளச்சு நிக்க வாய்ப்பில்ல. ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, இருந்தாலும் ஃப்ரேம்ல வர்ற அளவுக்கு புடுங்கினோம். கைக்கு கிளவுஸ் போட்டுக்கங்க, அரிப்பு வரும்.

இப்ப படம் புடிக்கற விஷயம். கலர்ல எடுத்து அப்பறம் கருப்பு வெள்ளை ஆக்கறது தான் நல்லது, ஆனா கேமரா டிஸ்ப்ளேல மோனோக்ரோம் வெச்சு பாத்துட்டே எடுங்க. செவப்பு சேலையும் மாந்தழையும் கண்ணுக்கு அவ்ளோ வித்தியாசம், சாம்பல் கலர்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னு, பொண்ணு தோப்புக்குள்ள காணாமயே போயிடுவா. எங்களுக்கு ஒரு சீன்ல அது தான் தேவப்பட்டுது, வேணும்னே செவப்பு கட்டவெச்சோம், மத்த எடத்துல வெளிர் மஞ்ச. ராத்திரி சீன் பாதி பகல்ல எடுத்தது. வெயில் எதிர்ல இருந்து வர்ற மாதிரி ஆள நிக்கவெச்சு, ரெண்டு ஸ்டாப் கம்மி எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சம் கால் பங்கு தான், அப்பறம் கருப்பு வெள்ளை மாத்தும்போது நீல சேனல கீழ எறக்கினா வானம் இருட்டிடும். ரொம்ப எறக்கினா புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், வானம் எவ்ளோ கம்மியா ஃப்ரேம்ல இருக்கோ அவ்ளோ நல்லது. ஃப்ரேம் 4:3 வெச்சோம், அந்த காலத்து படம்ங்கற உணர்வுக்காக மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் வர்ற கரண்ட் கம்பம், செல்போன் டவர் எல்லாம் வெட்டுப்பட்டு போச்சு.

ரத்தத்துக்கு வெல்லப்பாகு. ஹிட்ச்காக் சைக்கோ படத்துல சாக்லேட் சிரப் ஊத்தினத எல்லாரும் சொல்வாங்க, நமக்கு வெல்லம் தான் மலிவு, நல்லா கெட்டியா கருப்பா விழும். எறும்பு வரும். நடிச்ச பையன் ரெண்டாவது டேக்குலயே எந்திரிச்சு ஓடிட்டான்.

வெளிச்சம் ஒரே பக்கம் இருந்து வரட்டும். அரிக்கேன் வெளக்குக்குள்ள மண்ணெண்ணெய் வெளிச்சம் கேமராவுக்கு பத்தாது, அதனால சின்ன எல்ஈடி பல்பு வெச்சு மஞ்ச கண்ணாடி பேப்பர் சுத்தினோம், பேட்டரில ஓடற டிசி லைட்டா பாத்து வாங்குங்க. வீட்டு கரண்ட்ல ஓடற மலிவு எல்ஈடி எல்லாம் கோடு கோடா ஃப்ளிக்கர் அடிக்கும், நம்ம நாட்டுல 50 ஹெர்ட்ஸ், அதனால நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடின்னு வெச்சா பெரும்பாலும் தப்பிக்கலாம். ஓட்டு வீட்டு சந்துல இருந்து வர்ற வெயில காட்டறதுக்கு சாம்பிராணி போதும், ஃபேன நிறுத்திட்டு போடணும், வீசிங் இருக்கறவங்கள முன்னாலயே கேட்டு வெளிய அனுப்பிடுங்க.

குழி சீன பத்தி தான் ரொம்ப பேர் கேட்டாங்க. நெஜ குழில எறங்கவே இல்ல, எறங்கவும் கூடாது, மூடிக்கெடந்த குழி, கெணறு, செப்டிக் டேங்க் எதுவா இருந்தாலும் இந்த விஷக்காத்து இன்னைக்கும் ஆள கொல்லுது, வெளக்கு எரிஞ்சா கூட நம்பி எறங்காதீங்க. நாங்க கெணத்துக்கு எறக்கற வட்ட சிமெண்ட் உறை ஒன்னே ஒன்னு வாங்கினோம், மேல இருந்து பாக்கற ஷாட்டுக்கு அத தரையில முட்டி ஆழத்துக்கு பதிச்சு உள்ள கருப்பு துணி விரிச்சாச்சு. உள்ள இருந்து மேல பாக்கற ஷாட்டுக்கு அதே அளவுல தகரத்துல வளையம் செஞ்சு மண்ணு பூசி, கல்யாண பந்தல் சாரத்து மேல வெச்சு சுத்தி படுதா கட்டி, கேமராவ கீழ தரையில படுக்க வெச்சோம், மேல சாரத்துல நின்னு எட்டி பாக்கற மூஞ்சிங்க அம்புட்டு ஒசரத்துல தெரியும். கயித்துல எறங்கற வெளக்கு மெல்ல மங்கி அணையறது பேட்டரி டிம்மர் தான், ஒருத்தர் மேல ஒக்காந்து திருப்பினாரு. இத்தன பேர் கேக்கற அந்த ஷாட்டுக்கு ஆன செலவு ஒரு டிம்மர், ஒரு தகரம்.

சத்தத்துக்கு தான் காசும் நேரமும் போடணும், சண்ட போட்டாவது போடுங்க. எங்க எடத்துல என்.எச். 44 கொஞ்ச தூரத்துல, ராத்திரி பூரா லாரி உறுமல், அதோட த்ரீ ஃபேஸ் கரண்ட் வர்ற நேரத்துல ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார் எல்லாம் ஒன்னா கத்த ஆரம்பிக்கும். பக்கத்து தோட்டத்துக்காரர்கிட்ட எந்த வாரம் எந்த நேரம் த்ரீ ஃபேஸ்னு கேட்டு அத வெச்சு தான் ஷெட்யூல் போட்டோம். எல்லா எடத்துலயும் ஆள் பேசாம ஒரு நிமிஷம் சும்மா சத்தம் மட்டும் ரெகார்ட் பண்ணி வெச்சுக்கங்க, எடிட்ல ஓட்ட அடைக்க அது தான் ஒதவும். மயில் கத்தறது தானா கெடச்சுது, அது ஒன்னே போதும் பயத்துக்கு. குழிக்குள்ள இருந்து கேக்கற புள்ளயோட கொரல, காலி சின்டெக்ஸ் டேங்குக்குள்ள ஸ்பீக்கர எறக்கி ஓடவிட்டு மூடி பக்கத்துல மைக் வெச்சு திருப்பி புடிச்சோம். எந்த எஃபெக்டும் அதுகிட்ட நிக்காது.

நடிப்புக்கு பென்னாகரம் பக்கத்து கூத்து கலைஞர் ஒருத்தர் வந்தாரு, துரியோதனன் வேஷம் கட்டினவரு, எட்டு ஊருக்கு கேக்கற தொண்ட. பெரியப்பா வேஷம், விஷயம் பூரா தெரிஞ்சும் வாய தொறக்காத ஆளு. கேமரா முன்ன அவர் நின்னா ஃப்ரேமே பத்தல. கொரல கொறைங்கன்னு சொன்னா அவருக்கு மனசு கஷ்டப்படும், அதனால எங்க மாமா ஒரு யோசன சொன்னாரு, அவர் கைல கயிறு திரிக்கற வேலைய குடு, பேசும்போது திரிச்சுட்டே இருக்கட்டும். கை வேலைல இருந்ததால கண்ணும் கொரலும் தானா எறங்கிடுச்சு. அப்பறம் பாதி வசனத்த அவரே வேண்டாம் கண்ணுன்னு வெட்டிட்டாரு, கயிறே பேசுதுன்னாரு. புதுசா நடிக்கறவங்க யாரா இருந்தாலும் இத செஞ்சு பாருங்க, புளி கொட்ட எடுக்கறது, ராகி பொடைக்கறது, ஏதாச்சும் ஒரு வேலை.

படத்த முதல்ல ஊர் களத்துல வேட்டி கட்டி புரொஜெக்டர்ல போட்டோம். குழி சீன்ல சத்தமே இல்ல, சின்னப்பசங்க மட்டும் பேய் எப்ப வரும்னு கேட்டுட்டே இருந்தாங்க. முடிவுல பேரன் பத்திரத்த கைல வெச்சுட்டு அந்த கூலிக்காரர் வம்சத்துல யாரு மிச்சம்னு விசாரிச்சுட்டு பஸ் ஏறறதோட நிறுத்திட்டோம், தாத்தாவோட மாந்தோப்ப அவங்களுக்கு குடுத்தானா இல்லையான்னு சொல்லல. அங்க ஆரம்பிச்சுது வாக்குவாதம். ஒரு தாத்தா, அவன் என்னடா பண்ணான், தாத்தன் செஞ்சதுக்கு பேரன் கட்டணுமான்னாரு. நூறு நாள் வேலைக்கு போற ஒரு அக்கா, பாவம் வேண்டாம்னா மாங்கா மட்டும் எதுக்கு வேணும், தோப்பு அவனுது பாவம் மட்டும் தாத்தனுதான்னு கேட்டாங்க. நான் கூட அப்படி ஒரு வசனம் எழுதல. பத்திர ஆபீஸ் பக்கம் வேல பாக்கறவர் ஒருத்தர், குடுக்கறதா இருந்தா தான செட்டில்மெண்ட் போடணும், ரத்த சொந்தம் இல்லாததால ஸ்டாம்ப் டூட்டி ஜாஸ்தி வரும், அத யாரு கட்டறதுன்னு ஆரம்பிச்சாரு, பாதி பேர் சிரிச்சாங்க, அந்த அக்கா சிரிக்கல, வாங்கறவங்க கட்ட மாட்டாங்க அண்ணா, நாப்பது வருஷம் மாங்கா வித்தவங்க கட்டட்டும்னாங்க. படம் ஓடினத விட அந்த பேச்சு ஜாஸ்தி நேரம் ஓடுச்சு, நாங்க வேட்டிய அவுத்து புரொஜெக்டர பைக்ல கட்டும்போதும் அந்த ரெண்டு பேரும் எல்லைக்கல்லு கணக்குல நின்னுட்டு இருந்தாங்க.